குறைகேட்பு அதிகாரியின் பேட்டரி

குறைகேட்பு அதிகாரி ஓய்வு பெற்று வீட்டோடு வந்து உட்கார்ந்த பிறகு, குறை கேட்பதை அடியோடு நிறுத்திக்கொண்டார். வேலையில் இருந்தபோது மட்டும் கேட்டாரா என்றால், அது வேறு கதை. குடிநீர் அலுவலகத்தின் முன்னறையில், 'உங்கள் குறைகளை இங்கே சொல்லுங்கள்' என்ற பலகைக்குக் கீழே அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். குழாயில் காற்றுதான் வருகிறது, இப்போது காற்றும் வருவதில்லை, தப்பித்தவறி வருகிற தண்ணீரில் புழு நெளிகிறது என்று காலையிலிருந்து ஆட்கள் வந்து கொட்டித் தீர்ப்பார்கள். அவர் தலையை ஆட்டுவார். மேலும் கீழும் மெல்ல ஆட்டினால் 'உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது' என்று அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு ஆட்டு ஆட்டினால் 'மேலிடத்தில் பேசுகிறேன்'. முடிவில் "கேட்டுக்கிட்டேன்" என்பார். வந்தவர் மனபாரம் இறங்கி வீட்டுக்குப் போவார். குழாய் எப்போதும் போல இருக்கும்.

அந்த முன்னறைக்கு அடுத்த சுவருக்குப் பின்னால்தான் தண்ணீர் ஏற்றும் மோட்டார்கள் ஓடின. வருஷக்கணக்காக அந்த இரைச்சலில் உட்கார்ந்ததில் அவருடைய காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமானது. அலுவலகத்தில் ஒருவரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த வேலைக்குக் காது தேவைப்படவில்லை.

வீட்டில் அப்படி ஏமாற்ற முடியவில்லை. ஓய்வு பெற்ற கையோடு மகன் அவரை அழைத்துப்போய் நல்லதாக ஒரு காது மெஷின் வாங்கி மாட்டிவிட்டான். மாட்டிய அன்றே அதிகாரிக்கு விஷயம் விளங்கிவிட்டது. தட்டு கழுவும் சத்தம், மிக்சி சத்தம், மருமகள் தொலைபேசியில் தன் தங்கையோடு பேசும் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலாக மனைவி. இத்தனை வருஷமாக 'அவருக்கு வேலை, பாவம்' என்று அந்த அம்மாள் அடக்கி வைத்திருந்த பேச்சு முழுவதும், மெஷினைப் பார்த்ததும் மடை திறந்துகொண்டது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கேட்க ஒரு காது இருக்கிறது என்று நம்பினாள்.

அதிகாரி ஒரு மாதம் தாக்குப்பிடித்தார். பிறகு ஒருநாள் காலையில், மெஷின் செத்துவிட்டது என்று அறிவித்தார். அதற்குப் போடுகிற பொத்தான் பேட்டரி இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை, கம்பெனியையே மூடிவிட்டார்கள் என்று பூசி மெழுகினார். மகன் இரண்டு கடைகளில் விசாரித்ததாகச் சொன்னான். உண்மையில் விசாரித்தானா என்பது அவனுக்கே வெளிச்சம். புது மெஷின் வாங்கலாமே என்று கேட்டபோது, இந்த வயதில் எனக்கு எதற்கப்பா வீண் செலவு என்று தியாகி மாதிரி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மெஷின் வெறும் அலங்காரமாக வலது காதில் தொங்கியது. நண்பர்களோடு பூங்காவில் உட்காரும்போதும், ஆள் இல்லாத வீட்டில் ரேடியோ கேட்கும்போதும் மட்டும் அதற்கு உயிர் வரும். பூங்கா வாசலில் இருந்த கடையில் பேட்டரி அட்டை அட்டையாகக் கிடைத்தது. வீட்டு வாசற்படி ஏறும்போது நகத்தால் மெஷினின் குட்டிக் கதவைத் திறந்து, பேட்டரியைத் தட்டி எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார். உள்ளே நுழைந்தால் ஊமைப்படம். மனைவியின் வாய் அசையும், இவர் தலை அசையும். குடும்பம் சுகமாக ஓடியது.

எல்லாம் அந்தச் சட்டையால் வந்த வினை. அன்று காலையில் பூங்காவிலிருந்து திரும்பியதும், வியர்வைச் சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டு, பனியனோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். பனியனுக்குப் பை கிடையாது. பேட்டரியை நாற்காலியின் கைச்சட்டத்தில் வைத்தார். பேத்தி அப்போதுதான் நடை பழகி, எட்டிய உயரத்தில் இருப்பதையெல்லாம் வாயால் பரிசோதித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். பேப்பரின் கடைசிப் பக்கத்துக்கு அவர் வந்தபோது வீடே அவர் முன்னால் நின்றது. மருமகள் குழந்தையைக் குப்புறப் பிடித்து முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். மனைவி நெஞ்சில் கை வைத்திருந்தாள். குழந்தையின் வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. எல்லா வாய்களும் அசைந்தன. அதிகாரி கைச்சட்டத்தைப் பார்த்தார். அது காலியாக இருந்தது.

வேறொரு சட்டையை மாட்டிக்கொண்டு அவரும் காரில் ஏறினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவின் வெளியே ஒரு நீளமான பெஞ்சு இருந்தது. அதற்கு எதிர்ச்சுவரில் கண்ணாடி போட்ட ஒரு சட்டம். குழந்தைகளின் தொண்டையிலிருந்து எடுத்த சாமான்களை அதில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார்கள். ஊக்கு, சின்னச் சாவி, பொம்மையின் கண், ஊதலுக்குள் உருளும் மணி, யாரோ ஒரு வேட்பாளரின் முகம் போட்ட பேட்ஜ். பெஞ்சில் காத்திருந்த தாய்மார்கள் அதைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். பெற்றவர்களுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா என்று பேசிக்கொண்டார்கள். பேசியவர்கள் மடியில் எல்லாம், எதையாவது விழுங்கிய பிள்ளை இருந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். குழந்தை திமிறித் திருகியதில் படம் கலங்கிவிட்டது. கழுத்துக்குக் கீழே வட்டமாக வெள்ளையாக ஒன்று தெரிந்தது, அவ்வளவுதான். டாக்டரம்மா அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டார். மகன் கைகளை விரித்தான். மருமகள் அவனைக் காட்டி என்னவோ சொன்னாள். மனைவி இருவரையும் காட்டி என்னவோ சொன்னாள். இந்த ஊமைப்படம் அதிகாரிக்கு முதல்முறையாகப் பிடிக்கவில்லை. சட்டென்று எழுந்து கழிவறையைத் தேடிப் போனார்.

தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பர்சின் உள்மடிப்பிலிருந்து பேட்டரி அட்டையை எடுத்தார். ஒரு பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்து, மெஷினுக்குள் போட்டு, கதவை மூடினார். காதில் 'கீச்' என்றது. மறுநிமிடம் ஆஸ்பத்திரி முழுவதும் அவர் காதுக்குள் வந்து இறங்கியது. தள்ளுவண்டியின் சக்கரம், குழாய் சொட்டுவது, எங்கோ ஒரு பிள்ளையின் அழுகை. அது தன் பேத்தியின் அழுகை இல்லை என்பது தெரிந்ததும் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. அவளால் அழக்கூட முடியாதே என்று தோன்றியது.

திரும்பி வந்தபோது குடும்பம் அமளிதுமளியாக இருந்தது. மருமகள், தான் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தாள். பளபளவென்று ஒரு காசுதான். இவர் ஆபீசிலிருந்து வந்ததும் பையில் இருக்கிற சில்லறையை மேஜைமேல் கொட்டுகிற வழக்கத்தை விடமாட்டார் என்று கணவனைச் சாடினாள். அவனோ அது காசே இல்லை, இவள் தையல் டப்பாவைத் திறந்து போட்டுவிட்டுப் போவாள், அதிலிருந்த அழுத்துப் பொத்தானாக இருக்கும் என்றான். ஆளாளுக்கு அடுத்தவர் தலையில் கட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். பிள்ளை மருமகளின் தோளில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தது.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் அந்தப் பொறுமை தீரப்போகிற நிலையில் இருந்தது.

"யார் தப்புன்னு நீங்க வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். இது காசுன்னா அவசரமில்ல. குழந்தை இப்பதான் பால் குடிச்சிருக்கு, உடனே மயக்க மருந்து கொடுக்கிறது ஆபத்து. வயிறு காலியானதும் எடுத்துடலாம். ஆனா பொத்தான் பேட்டரின்னா ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க முடியாது. உணவுக்குழாயில ஒட்டிக்கிட்டு அந்த இடத்தையே அரிச்சுடும். ஓட்டை விழுந்துடும். வீட்டுல அந்த மாதிரி பேட்டரி போடுற சாமான் ஏதாவது இருக்கா?"

மருமகள் தலை நிமிர்ந்தாள். தன் பிள்ளைக்குப் பேட்டரி பொம்மையே வாங்கித் தருவதில்லை, எல்லாம் மரப்பொம்மைதான் என்று, இந்த நேரத்திலும் ஒரு பெருமையோடு சொன்னாள். சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் நீளப் பேட்டரிதான் என்றான் மகன். டாக்டரம்மாவின் பார்வை அதிகாரியின் வலது காதில் வந்து நின்றது. காதும் அந்த அம்மாளின் இலாகாதானே.

"இவர் மெஷின்ல என்ன பேட்டரி?" என்று கேட்டார்.

"அது செத்து ரெண்டு வருஷம் ஆச்சு டாக்டர்," என்றான் மகன். "பேட்டரியே கிடைக்கல. சும்மா மாட்டிக்கிட்டு இருக்கார். அப்பாவுக்கு ஒண்ணும் கேக்காது."

மனைவி பக்கத்திலிருந்து, பாவம் அவரை ஏன் இதில் இழுக்கிறீர்கள் என்றாள். அந்தப் 'பாவம்' அதிகாரியின் காதில் தெளிவாக விழுந்தது. அவருடைய தலை, பழக்கதோஷத்தில், தானாகவே மேலும் கீழும் மெல்ல ஆடியது. பெரியவர் ஏதோ சொல்ல வருகிறார் போலிருக்கிறதே என்றார் டாக்டரம்மா. அவர் எப்போதும் அப்படித்தான் என்றான் மகன்.

அப்படியானால் காசு என்றே வைத்துக்கொள்வோம், கால் முறிந்த ஒருவர் எக்ஸ்ரே மேஜையில் கிடக்கிறார், அவருக்கு முடிந்ததும் பக்கவாட்டில் இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த குழந்தையின் பக்கம் திரும்பினார்.

அதிகாரி என்ன நினைத்தார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், அவருக்கு அது பெருமை சேர்க்காவிட்டாலும். முதலில், ஒருவேளை அது காசாகவே இருக்கலாம் என்று நினைத்தார். பேட்டரி உருண்டு நாற்காலிக்கு அடியில் கிடக்கலாம். இன்னொரு படம் எடுக்கத்தான் போகிறார்கள். அதில் தானாகவே தெரிந்துவிடும். நாம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன். கோப்பு தானாக நகரும் என்று நாற்காலியில் உட்கார்ந்து நம்பிய பழைய புத்தி. கால் முறிந்தவர் சீக்கிரம் எழுந்துவிட மாட்டாரா என்றுகூட நினைத்தார். எழுந்து எங்கே போவார், கால்தான் முறிந்திருக்கிறதே.

அப்போது குழந்தை அம்மாவின் தோளிலிருந்து அவரைப் பார்த்தாள். தினமும் அவர் மடியில் ஏறி மெஷினைப் பிடித்து இழுக்கிறவள். இப்போதும் கையை நீட்டினாள். விழுங்க முயன்று, முடியாமல், முகத்தைச் சுளித்தாள். அதிகாரிக்குத் தன்னை நினைக்கவே வெட்கமாகப் போய்விட்டது. ஆயுளில் அத்தனை பேர் வந்து தன் முன்னால் நின்று கெஞ்சியபோதெல்லாம் வராத வெட்கம் அது.

எழுந்து டாக்டரம்மாவின் எதிரில் போய் நின்றார். காதிலிருந்து மெஷினைக் கழற்றி, குட்டிக் கதவைத் திறந்து, அந்த அம்மாளின் உள்ளங்கையில் பேட்டரியைத் தட்டிப் போட்டார்.

"இதே மாதிரிதான்," என்றார். "காலையில நாற்காலிமேல வச்சேன். நான்தான் வச்சேன். இப்ப அங்க இல்ல."

பேட்டரி வெளியே வந்ததும் உலகம் மறுபடியும் ஊமையாகிவிட்டது. டாக்டரம்மா பேட்டரியை ஒரு பார்வை, எக்ஸ்ரே படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழந்தையை மருமகளின் கையிலிருந்து ஏறக்குறையப் பிடுங்கிக்கொண்டு ஓடியதை அதிகாரி பார்த்தார். இரண்டு நர்சுகள் பின்னால் ஓடினார்கள். கதவு மூடிக்கொண்டது. அதற்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

பிறகு குடும்பம் அவர் பக்கம் திரும்பியது. மகன் இரண்டு கைகளையும் ஆட்டி ஆட்டிப் பேசினான். மருமகள் அழுதுகொண்டே பேசினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல ஏதாவது கேட்டிருப்பார்கள், கேட்கத்தான் வேண்டும். பர்சில் இன்னும் பேட்டரிகள் இருந்தன. ஆனால் அந்த அட்டையை அவர்கள் முன்னால் எடுக்க அவருக்கு முகமில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் சொல்லும் குறையைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், அதுவும் நடக்கவில்லை. மனைவி மட்டும் பேசவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்து டாக்டரம்மா வெளியே வந்தபோது, கையில் ஒரு சின்னப் பாட்டில் இருந்தது. அதற்குள் விளிம்பு கறுத்துப்போன ஒரு வில்லை. மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மகன் டாக்டரின் கைகளைப் பிடித்துக்கொண்டான். அது நல்ல அழுகை என்பது அதிகாரிக்குக் காது இல்லாமலே புரிந்தது. வாய்வழியாகக் குழாய் விட்டு, அதன் நுனி வெளிச்சத்தில் பார்த்து, நீளமான இடுக்கியால் எடுத்தார்களாம். அந்த இடம் லேசாக வெந்திருக்கிறதாம். சில நாள் மூக்குக் குழாயில்தான் பால். ஆறிவிடும், ஆனால் இன்னும் தாமதித்திருந்தால் தன்னால் உறுதி சொல்லியிருக்க முடியாது என்றாராம். இதெல்லாம் அவருக்குப் பின்னால் தெரிந்தது.

மகனும் மருமகளும் குழந்தையைப் பார்க்க உள்ளே போனார்கள். பெஞ்சில் அவரும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். மனைவி நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் பையில் கைவிட்டுப் பர்சை எடுத்தாள், உள்மடிப்பைத் தடவினாள், அட்டையைக் கண்டுபிடித்தாள். ஒரு பேட்டரியை எடுத்து ஒட்டுத்தாளை உரித்தாள். மெஷினை அவர் கையிலிருந்து வாங்கி, அதற்குள் போட்டு, ஒரு பிள்ளைக்கு மாட்டுகிற பதவிசோடு அவர் காதில் மாட்டிவிட்டாள்.

"கேக்குதா?" என்றாள்.

"கேக்குது."

அவள் கொஞ்ச நேரம் பேட்டரியின் ஒட்டுத்தாளை விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று அதிகாரி காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"போன மழைக்காலத்துல ஒரு நாள், வீட்டுல யாரும் இல்ல," என்றாள். "ஜன்னல்கிட்ட உட்கார்ந்து உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். கல்யாணமான புதுசுல நடந்தது. இத்தனை வருஷமா சொல்ல தைரியம் வரல. அன்னைக்கு உங்க காதுகிட்ட வந்து, நல்லா சத்தமாத்தான் சொன்னேன். சொல்லி முடிச்சதும் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிடுச்சு. நீங்க ஒரு வார்த்தை பேசல. எழுந்து போய் போர்வையை எடுத்துட்டு வந்து என்மேல போர்த்திவிட்டீங்க. மன்னிச்சிட்டீங்கன்னு நினைச்சேன். அதுக்கப்புறம்தான் எனக்கு நல்ல தூக்கமே வருது."

அதிகாரிக்கு அந்த நாள் நினைவிருந்தது. மழை, ஜன்னல், அவள் தோள் நடுங்கியது. பேசும்போது அவள் கண்ணைத் துடைத்ததும் நினைவிருந்தது. ஜலதோஷம் என்று நினைத்திருந்தார்.

"உள்ளதைச் சொல்லுங்க," என்றாள் அவள். "நான் சொன்னது அன்னைக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?"

வாய்க்குள் அந்தப் பழைய 'கேட்டுக்கிட்டேன்' தயாராக இருந்தது. அதைச் சொன்னால் போதும், அவளுடைய தூக்கம் கெடாது. ஆனால் அவள் என்ன சொன்னாள் என்பதைக் கடைசிவரை தெரிந்துகொள்ள முடியாது. தவிர, அதே வார்த்தையைச் சொல்லித்தான் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டிருந்தது.

"கேக்கல," என்றார் அதிகாரி. "உனக்குக் குளிருதுன்னு நினைச்சேன்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தார், அழவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டு, எழுந்து பேத்தியைப் பார்க்க உள்ளே போனாள்.

பேத்தி தேறி வீட்டுக்கு வந்து, இப்போது எல்லாவற்றையும் தின்கிறாள். அதிகாரியின் மெஷின் காலையில் ஏறினால் படுக்கும்போதுதான் இறங்குகிறது. பேட்டரி அட்டையை மருமகள் பூட்டி வைத்திருக்கிறாள். மனைவி முன்போலவே நிறையப் பேசுகிறாள். முழங்கால் வலியைச் சொல்கிறாள், அடுத்த வீட்டுக்காரர்கள் குப்பை போடுவதைச் சொல்கிறாள், மகன் இளைத்துப்போனதைச் சொல்கிறாள். அதிகாரி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு சொல் விடாமல் எல்லாவற்றையும் கேட்கிறார். அதை மட்டும் அவள் மறுபடியும் சொல்லவே இல்லை.